கருப்பாற்று அணையில் பாதுகாப்பு வாரம்

கருப்பாற்று அணை கட்டி முடித்த நாளிலிருந்து யாருக்கும் ஒரு கெடுதலும் செய்ததில்லை. கெடுதல் செய்கிற அளவுக்கு அதில் தண்ணீர் நின்றதில்லை. வருஷத்தில் முக்கால்வாசி நாள் அதன் வயிற்றுக்குள் சீமைக்கருவேலம் வளரும், வெள்ளாடு மேயும். மிச்ச நாட்களில் முழங்காலளவு தண்ணீரில் கொக்கு நிற்கும். அப்படிப்பட்ட அணையிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று சென்னையில் யாருக்கோ தோன்றிவிட்டது. தோன்றியவர் பதவி உயர்வு வாங்கிக்கொண்டு வேறு துறைக்குப் போய்விட்டார். டர்பைன் மட்டும் லாரியில் வந்து இறங்கியது.

டர்பைனோடு ஓர் அலுவலகமும் வந்தது. கருப்பாற்று அணை நலக் கோட்டம் என்று பெயர். அதன் செயற்பொறியாளர் லட்சுமிகாந்தம் வெள்ளை அரைக்கைச் சட்டை போட்டு, மைக் இல்லாத இடத்திலும் மைக் இருப்பதுபோலவே பேசுகிறவர். அணையின் கல்கட்டில் நான்கைந்து இடத்தில் தண்ணீர் கசிந்து பாசி பிடித்திருப்பதை ஒரு பத்திரிகைக்காரர் காட்டியபோது அவர் கொஞ்சமும் கலங்கவில்லை. "உழைக்கிறவனுக்கு வியர்க்கும். இது உழைக்கிற அணை" என்றார். பத்திரிகைக்காரர் அதை அப்படியே எழுதிக்கொண்டு, கொடுத்த சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

ஷட்டரைத் திறக்கும் முன் கீழே இருக்கிற ஊருக்கு எச்சரிக்கை கொடுக்க வேண்டும் என்பது விதி. அதற்காக ஒரு சைரன் வாங்கினார்கள். அருமையான சைரன். ஊதினால் விருதுநகர் வரை கேட்கும் என்று கம்பெனிக்காரன் சொன்னான். ஊருக்கெல்லாம் மின்வெட்டு இருந்த காலம் என்பதால், சைரனுக்கு வெளிக் கம்பியை நம்பக் கூடாது என்று லட்சுமிகாந்தம் முடிவு செய்தார். "அணையின் பாதுகாப்பை அணையிடமே ஒப்படைத்துவிட்டோம்" என்று அறிவித்து, சைரனை டர்பைனோடு இணைத்தார். டர்பைன் சுற்றினால் சைரன் ஊதும். ஷட்டரைத் திறந்து தண்ணீர் விட்டால் டர்பைன் சுற்றும். ஆகவே தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது என்பதைத் தண்ணீர் வந்த பிறகு ஊருக்குச் சொல்லும் ஏற்பாடு சிறப்பாக அமைந்துவிட்டது.

இதில் ஓர் இடைவெளி இருப்பதை லட்சுமிகாந்தமே கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததற்காக அவருக்குப் பாராட்டுச் சான்றிதழும் கிடைத்தது. இடைவெளியை அடைக்க ஒரு வழியும் சொன்னார். சிவகாசிப் பக்கத்தில் இருந்துகொண்டு சத்தத்துக்கு அலைவானேன்? பட்டாசுக் கம்பெனி முதலாளி செந்தூர்பாண்டியிடம் கேட்டால் வெடி இலவசமாகத் தருவார். ஷட்டரைத் திறக்கும் முன் அணைமேல் மூன்று வெடி. சத்தம் கேட்டதும் மக்கள் ஓட வேண்டும். அவ்வளவுதான்.

இங்கேதான் ராக்கப்பன் வருகிறான்.

ராக்கப்பன் அணைக்குக் கீழே பள்ளமடைப்பட்டியில் இருந்தான். வெடிமருந்து இடிக்கிற வேலையில் இடது கை விரல் மூன்று போன பிறகு, லாரியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தான். அவன் தம்பி அதே மருந்தில் மொத்தமாகவே போனவன். ராக்கப்பனின் பெண்டாட்டி அய்யம்மாள் இன்னும் செந்தூர்பாண்டி கம்பெனியில் மருந்து ரூமில்தான் இருந்தாள். காலையில் அவள் டிபன் தூக்கைத் தூக்கிக்கொண்டு கம்பெனி வேனில் ஏறினால், சாயங்காலம் இறங்குகிற வரைக்கும் ராக்கப்பனுக்குச் சோறு தொண்டையில் இறங்காது. அவளை எப்படியாவது அந்த ரூமிலிருந்து வெளியே எடுத்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வாழ்க்கையில் வேறு திட்டம் கிடையாது.

அந்தப் பக்கத்து ஊர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. வெடித்த சத்தம் கேட்டால் சத்தம் வந்த திசையைப் பார்த்து ஓடுவார்கள். வீட்டுக்கு ஓர் ஆள் அங்கே இருப்பான், அல்லது இருப்பாள். போட்டது போட்டபடி, அடுப்பில் உலை கொதித்தால் கொதித்தபடி, குடத்துத் தண்ணீரையும் கிழிந்த வேட்டியையும் வாழை இலையையும் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். வெந்த உடம்பைத் துணியில் கிடத்தினால் தோல் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். இலையில்தான் கிடத்த வேண்டும். முதலில் ஓடு, எந்தக் கம்பெனி என்று போய்க்கொண்டே கேள். இதுதான் அங்கே வழக்கம்.

முதல் ஒத்திகையன்று, ஆற்றில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. அணைமேல் மூன்று வெடி வெடித்தது. பள்ளமடைப்பட்டி மொத்தமும் எழுந்து, காய்ந்த ஆற்றுக்குள் இறங்கி, அணையைப் பார்த்து ஓடியது. ரோடு சுற்றிப் போகும். ஆற்றுப் பாதை நேர் பாதை. எல்லோருக்கும் முன்னால் ராக்கப்பன். கையில் வாழை இலையோடு மூச்சிரைக்க அணைமேல் ஏறி லட்சுமிகாந்தத்தின் முன்னால் வந்து நின்றான்.

"எங்க சார் ஆளுக? எத்தன பேரு?"

லட்சுமிகாந்தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. வெடித்து ஐந்து நிமிஷத்துக்குள் ஊரில் ஒரு குஞ்சு குருமான் இல்லை. இந்தியாவில் வேறு எந்த அணையின் கீழும் ஓர் ஊர் இவ்வளவு வேகமாகக் காலியானதில்லை என்று அங்கேயே அறிவித்தார். பார்வையிட வந்திருந்த மேலதிகாரிக்கு மட்டும் ஒரு சந்தேகம்.

"காலி பண்ணின மக்கள் எங்கே போனாங்க?"

"நம்மிடமே வந்தார்கள், சார். அரசாங்கத்தை நம்பி வந்தார்கள்" என்றார் லட்சுமிகாந்தம்.

மேலதிகாரியின் கண் கலங்கிவிட்டது.

யாருக்கும் அடிபடவில்லை என்று தெரிந்ததும் ஜனங்களுக்கு ஆத்திரம் வந்தது. குடத்தோடு ஓடிவந்த பெண்கள் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினார்கள். கூட்டக் கட்டுப்பாட்டுக்கும் ஒத்திகை பார்க்க வேண்டியிருந்ததால் போலீஸ்காரர்கள் தடியை எடுத்தார்கள். சின்னச்சாமி என்ற ஐஸ் வியாபாரியின் முழங்கால் சில்லு உடைந்தது. முதலுதவிக் குழுவுக்கு உண்மையான நோயாளி கிடைத்ததில் பெரிய சந்தோஷம். அவர் கத்தக் கத்த, மூன்று குழுக்கள் மாறி மாறி அந்தக் காலுக்குக் கட்டுப் போட்டுப் பழகின.

ராக்கப்பனை லட்சுமிகாந்தத்துக்குப் பிடித்துவிட்டது. "பாதுகாப்பு வாரத்தில் டர்பைனைத் துவக்க அமைச்சர் வருகிற அன்றைக்கு நீதான்யா பிணம்" என்றார்.

"பிணமா சார்?"

"வெள்ளத்தில் அடித்துக்கொண்டு வரப்பட்டவன். ஆற்றுக்குள் படுத்திருப்பாய். மீட்புக் குழு வந்து தூக்கும். உனக்கு என்ன வேண்டும், கேள்."

ராக்கப்பன் தலையைச் சொறிந்தான். "டர்பைன் ரூமப் பெருக்கித் தொடைக்க ஒரு ஆளு வேணும்னு பேசிக்கிட்டாங்க சார். எம் பொண்டாட்டி நல்லாப் பெருக்குவா. மருந்து ரூம்ல கெடக்கா சார். அவள எப்பிடியாச்சும்..."

"முடிந்தது என்று வைத்துக்கொள்" என்றார் லட்சுமிகாந்தம்.

அன்று சாயங்காலம் வேனிலிருந்து இறங்கிய அய்யம்மாளிடம் ராக்கப்பன் விஷயத்தைச் சொன்னான். அவள் கையிலிருந்த வெள்ளி நிற மருந்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்தபடியே கேட்டாள்.

"நான் உசுரோட குத்துக்கல்லு மாதிரி இருக்கையில, நீங்க பொணமா நடிக்கப் போறீகளாக்கும்? வெளங்கும்."

"ஒரு நாளு கெடந்தா நீ வாழ்நாளெல்லாம் கெடக்க வேண்டாம்லா. பெருக்குற வேல, புள்ள. காத்தாடி ஓடுமாம். வெடிக்காது."

அய்யம்மாள் கையைத் தேய்ப்பதை நிறுத்தினாள். "நெசமாத்தான் சொன்னாரா?"

"முடிஞ்சதுன்னு வச்சிக்கிறச் சொன்னாரு."

"இருக்கன்குடித் தாயே" என்று அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு சிரித்தாள். "செத்தா மட்டும் சரியாச் சாகுங்க. பாதியில எந்திரிச்சு வெத்தல கேட்டுறாதீக."

அடுத்த நாளிலிருந்து ராக்கப்பனுக்குப் பயிற்சி. மூழ்கியவனைப் போல அவன் முகம் இல்லை என்று மீட்புக் குழுத் தலைவர் குறை சொன்னார். ஆற்றில் தண்ணீர் இல்லாததால் ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் நிரப்பி, இரண்டு ஊர்க்காவல் படையினர் அவனைத் தலைகீழாக அமுக்கினார்கள். முதல் தடவை அவன் சீக்கிரம் உதறிக்கொண்டு வந்தான். அது இயல்பாக இல்லையாம். மறுபடி அமுக்கினார்கள். கடைசியில் மூக்கிலும் வாயிலும் தண்ணீர் வர, கண் செருகிக் கிடந்தபோதுதான் தலைவருக்குத் திருப்தி வந்தது. "இதே எக்ஸ்பிரஷனை அன்னைக்கும் கொடுக்கணும்" என்றார். பிறகு ரத்தமாகச் சிவப்புச் சாயம் பூசிப் பார்த்தார்கள். மூழ்கியவனுக்கு ரத்தம் வராதே என்று கம்பவுண்டர் சொல்லிப் பார்த்தார். போட்டோவில் ரத்தம்தான் எடுப்பாக விழும் என்று சொல்லிவிட்டார்கள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. தீபாவளிக்கு முந்தின வாரம், கம்பெனிகளில் கடைசி லோடு போய்க்கொண்டிருந்த நேரம். மலையில் கொட்டிய மழையெல்லாம் ஓடிவந்து, அணை அதுவரை பார்த்திராத உயரத்துக்கு நிரம்பியது. கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்டிருக்கலாம். ஆனால் அமைச்சர் வெள்ளிக்கிழமை வருகிறார். அவர் பொத்தானை அழுத்தியதும் ஷட்டர் திறந்து, டர்பைன் வேகமாகச் சுற்றி, நூறு பல்பும் ஒரே நேரத்தில் எரிய வேண்டும். அதற்காக ஒரு சொட்டுக்கூட வெளியே விடாமல் தேக்கிவைத்தார்கள். கல்கட்டில் பாசி பிடித்த இடங்களில் இப்போது விரல் தடிமனுக்குத் தண்ணீர் பீய்ச்சியது. லட்சுமிகாந்தம் அங்கெல்லாம் வண்ண விளக்கு வைத்து அருவி மாதிரி ஆக்கிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை நல்ல வெயில். அணைமேல் பந்தல், நாதஸ்வரம், அமைச்சர். கீழே ஆற்றின் நடுவில், லாரி டியூப் நான்கைச் சேர்த்துக் கட்டிய ஸ்ட்ரெச்சரில் ராக்கப்பன். பிணம் நழுவிவிடக் கூடாது என்று இரண்டு காலையும் வலது கையையும் நைலான் கயிற்றால் கட்டியிருந்தார்கள். முகத்திலும் நெஞ்சிலும் சிவப்புச் சாயம். வெயில் கண்ணில் குத்தியது. பெருக்குமாறைப் பிடித்துக்கொண்டு டர்பைன் ரூமில் நிற்கப்போகிற அய்யம்மாளை நினைத்துக்கொண்டு அவன் பொறுமையாகச் செத்துக் கிடந்தான். அவனைத் தூக்கிக் கரைசேர்த்த பிறகுதான் ஷட்டரைத் திறக்க வேண்டும் என்பது திட்டம்.

செந்தூர்பாண்டி தாராள மனசுக்காரர். அமைச்சர் வருகிற இடத்தில் மூன்று வெடி வைத்தால் தன் மரியாதை என்னாவது என்று யோசித்தார். மழையில் நனைந்து திரும்பி வந்து, காயவைத்த சரக்கு ஒரு லாரி கம்பெனியில் கிடந்தது. அதை மொத்தமாகக் கொண்டுவந்து அணையோரம் குவித்து, "நம்ம பங்குக்கு இது இருக்கட்டும் சார். ஊருக்குப் பாதுகாப்புன்னா நான் கணக்குப் பாக்கிறவன் இல்ல" என்றார். லட்சுமிகாந்தம் அவருக்கு ஒரு சால்வை போர்த்தினார். பிறகு குவியலுக்குத் தீ வைத்தார்கள்.

அது வெடித்த சத்தத்தில் நாதஸ்வரக்காரர் கீழே விழுந்தார். பற்றவைத்த காவலாளிக்கு ஒரு காது அறுந்து தொங்கியது. பள்ளமடைப்பட்டியில் ஓடு பெயர்ந்தது. ஒத்திகை பார்த்த மூன்று வெடிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இந்த மாதிரிச் சத்தத்தை ஊர் வேறு இடங்களில்தான் கேட்டிருந்தது. ஊரில் வீடு வீடாக, ஆற்றோரக் கம்பெனிகளில் ரூம் ரூமாக ஆட்கள் வெளியே குதித்தார்கள். புகை அணைப் பக்கம் எழுவதைப் பார்த்தார்கள். அங்கே யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு கணம் நினைத்தார்கள். ஓடினார்கள்.

ஆறு முழுக்க ஆட்கள். குடங்கள், வேட்டிகள், இலைகள்.

அமைச்சருக்குக் காது அடைத்துவிட்டது. திட்டத்தில் அடுத்தது என்ன என்று யாரோ அவரிடம் சைகை காட்டினார்கள். வெடிக்கு அடுத்தது பொத்தான் என்று அவர் புரிந்துகொண்டார். அழுத்தினார்.

ராக்கப்பன் தலையைத் தூக்கிப் பார்த்தபோது அய்யம்மாள் வந்துகொண்டிருந்தாள். சேலையை வரிந்து கட்டி, மருந்துக் கையோடு, மற்ற எல்லோரையும் முந்திக்கொண்டு வந்தாள். அவன் மேலிருந்த சிவப்பைப் பார்த்ததும் அவள் போட்ட கூச்சலை அவன் அதுவரை கேட்டதில்லை. நடிப்பு என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததெல்லாம் அந்தச் சத்தத்தில் போய்விட்டது.

"ஒண்ணுமில்ல புள்ள! சாயம்! வெறுஞ் சாயம்! மேல ஏறு, ஓடு!"

அவள் காதில் எதுவும் ஏறவில்லை. இலையை மணலில் விரித்துவிட்டு, கயிற்று முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தாள். கால் கட்டு அவிழவில்லை. "வந்துட்டேன், வந்துட்டேன், இந்தா ஆச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவளுக்குப் பின்னால் ஷட்டர் முழுசாக மேலே ஏறியிருந்தது. பழுப்பு நிறத்தில் இரண்டு ஆள் உயரத் தண்ணீர், கருவேல மரங்களை வேரோடு சுருட்டிக்கொண்டு வந்தது.

ஸ்ட்ரெச்சர் மிதந்தது. அமைச்சருக்காகக் கட்டிய டியூப், நன்றாகவே மிதந்தது. அய்யம்மாள் அவன் இடது கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வலது கை கட்டில் இருந்தது. மிச்சமிருந்த இரண்டு விரலால் எவ்வளவு பிடிக்க முடியுமோ அவ்வளவு பிடித்தான். ஒரு மரம் வந்து அவள் முதுகில் இடித்தது. வாயைத் திறந்தாள், தண்ணீர் புகுந்தது. பிறகு அவன் கையில் மருந்து நாற்றம் மட்டும் இருந்தது.

டர்பைன் சுற்றியது. நூறு பல்பும் எரிந்தன. சைரன் ஊத ஆரம்பித்தது. கம்பெனிக்காரன் சொன்னது பொய்யில்லை, விருதுநகர் வரை கேட்டிருக்கும்.

லட்சுமிகாந்தத்தின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. "மாண்புமிகு அமைச்சர் அவர்களே, இப்போது நீங்கள் காண்பது வெள்ளத்தில் சிக்கிய மக்களின் தத்ரூபமான காட்சி. நாங்கள் ஒரு பிணத்தை மட்டுமே ஏற்பாடு செய்திருந்தோம். மக்கள் தாங்களாகவே முன்வந்து பெருந்திரளாகக் கலந்துகொண்டிருக்கிறார்கள்." ஒரு பெண் பாறையில் மோதித் தலை பிளந்து சுழன்றாள். ஒரு கிழவர் குடத்தைப் பிடித்துக்கொண்டு அமைச்சரைப் பார்த்துக் கையை ஆட்டினார். அமைச்சரும் கையை ஆட்டினார். பந்தலில் கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

செத்தவர்கள் பதினேழு பேர். பதினாறு உடல்கள் கிடைத்தன. அய்யம்மாள் கிடைக்கவில்லை. அமைச்சரோடு வந்த ரப்பர் படகு அமைச்சரோடே போய்விட்டது. தேடுவதற்கு வந்தவர்கள் மறுநாள் மத்தியானம்வரை கரையில் நின்று தேடினார்கள். பிறகு தீபாவளி பந்தோபஸ்து என்று கிளம்பிவிட்டார்கள். டியூபோடு கரை ஒதுங்கிப் பிழைத்த ராக்கப்பனும் ஊர்க்காரர்கள் நாலு பேரும் இருக்கன்குடி வரைக்கும் முள்ளையும் சேற்றையும் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். ஒரு டிபன் தூக்கு கிடைத்தது. அது அவளுடையது இல்லை.

ஒரு மாதம் கழித்து அணையடியில் விசாரணை நடந்தது. அதே பந்தல்காரர்தான் பந்தல் போட்டார். விசாரணை அதிகாரி வயசானவர், நல்ல மனுஷர் என்று பெயர். லட்சுமிகாந்தம் அவருக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"கோட்டத்தின் தரப்பில் தவறே இல்லை" என்றார் லட்சுமிகாந்தம். "எச்சரிக்கை கொடுத்தோம். கேட்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஊரும் காலியானது. வெள்ளம் ஊருக்குள் நுழைந்தபோது அங்கே ஓர் உயிர்கூட இல்லை. எங்கள் பொறுப்பு ஊர்தான். ஆற்றுக்குள் வந்து நிற்கிறவர்களுக்கு நாங்கள் எப்படிப் பொறுப்பு?"

விசாரணை அதிகாரி ராக்கப்பனைக் கூப்பிட்டார். கனிவாகத்தான் கேட்டார்.

"உன் மனைவி ஏன்பா அணையைப் பார்த்து ஓடி வந்தாங்க? வேறு பக்கம் ஓடியிருக்கலாமே?"

ராக்கப்பன் ஆற்றின் நடுவைக் கை காட்டினான்.

"வெடிச் சத்தம் கேட்டுச்சு சார். நான் அங்கன கெடந்தேன். வேற எங்கிட்டு ஓடுவா?"

பந்தலில் ஒரு பெண் விம்மினாள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். லட்சுமிகாந்தம் குனிந்து அவர் காதில் சொன்னது முன்வரிசை வரைக்கும் கேட்டது. "பாருங்க சார், கணவரே ஒத்துக்கிறார். தானாக வந்திருக்காங்க. அந்தப் பெருக்குற வேலையைக்கூட அவங்களுக்குத்தான் வைத்திருந்தோம். வேலைக்கு வரத் தவறியதால் வேறு ஆள் போட வேண்டியதாகிவிட்டது."

ராக்கப்பன் அடித்தான். அடித்தது அவனுக்கே தெரியவில்லை. கையில் வலி ஏறிய பிறகுதான் தெரிந்தது. லட்சுமிகாந்தம் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து புல்லில் விழுந்தார். ராக்கப்பன் அவர்மேல் ஏறி உட்கார்ந்து, விரலில்லாத கையால் சட்டையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, விரலுள்ள கையால் வாயில் மறுபடி மறுபடி குத்தினான். மூன்று போலீஸ்காரர்கள் தடியால் அவன் முதுகில் அடித்தார்கள். விலா எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. நாலாவது போலீஸ்காரர் முடியைப் பிடித்து இழுத்த பிறகுதான் விலகினான்.

"வன்முறை!" என்றார் விசாரணை அதிகாரி. அந்த விவகாரத்தில் அப்படி ஒரு வார்த்தை உச்சரிக்கப்பட்டது அதுதான் முதல் தடவை. "அரசு ஊழியர் மேல் கை வைத்திருக்கிறான். எழுதுங்க, வன்முறை!"

லட்சுமிகாந்தத்தின் வாயில் இரண்டு பல் இல்லை. வழக்குக்கு அவை தேவைப்பட்டன. இன்ஸ்பெக்டர் உத்தரவு போட்டார். போலீஸ்காரர்கள் லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு புல்லுக்குள் மண்டியிட்டார்கள். அணை நலக் கோட்டத்தின் ஆட்களும் சேர்ந்துகொண்டார்கள். மீட்புக் குழு வந்தது. கயிறு கட்டி இடத்தைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, ஒவ்வொரு புல்லாக விலக்கிப் பார்த்தார்கள். பக்கத்து ஸ்டேஷனிலிருந்து மோப்ப நாயும் வந்துவிட்டது. ஒரு பல் சீக்கிரமே கிடைத்தது. இன்ஸ்பெக்டர் அதைக் கைக்குட்டையில் பத்திரமாக வாங்கினார். இன்னொன்று கிடைக்கவில்லை. வெயில் ஏறியும் யாரும் சாப்பிடப் போகவில்லை.

விலங்கு மாட்டி வேன் படியில் உட்காரவைத்திருந்த ராக்கப்பன் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான். மூச்சு விட்டால் விலா குத்தியது. வாயில் வந்த ரத்தத்தைத் துப்பினான்.

"விட்டுறாதீக சார்" என்றான். "நல்லாத் தேடுங்க. இம்புட்டுப் பேரு தேடுனா கெடைச்சிரும்."